தொகுப்பாளர் என்னும் சொல்: ரேணு சலூஜாவை முன்வைத்து

திரைப்படங்களைப் பற்றி நம் இலக்கிய இதழ்களில் வந்த கட்டுரைகளை ஒருசேர வைத்துப் படிப்போர்க்கு ஒன்று புலப்படும். கதைக்குப் பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. இயக்குநரின் உலகநோக்கு, அவர்தம் அரசியல், அவர் தழுவிய நாவல், தழுவியதை ஒப்புக்கொள்ளாத நாவல் அனைத்தும் அலசப்படுகின்றன. ஒளிப்பதிவுக்கு ஒரு பத்தி, இசைக்கு ஒரு பத்தி. படத்தொகுப்புக்கு மட்டும் இரண்டே சொற்கள்: 'தொகுப்பு கச்சிதம்.' படம் நீண்டுவிட்டால் அது ஒரு முழு வாக்கியமாக வளரும்: 'இன்னும் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கலாம்.'

2000 பிப்ரவரியில் கமல்ஹாசனின் 'ஹே ராம்' வெளிவந்தபோது தமிழ்ச் சூழலில் எழுந்த விவாதம் பலருக்கு நினைவிருக்கும். காந்தி, பிரிவினை, இந்துத்துவம், படம் எந்தப் பக்கம் நிற்கிறது என்றெல்லாம் சூடாக எழுதினோம், எழுத வேண்டியதுதான். ஆனால் 1946, 1948, 1999 என்னும் காலங்களை ஊடும் பாவுமாக இழைத்து அந்த விவாதத்துக்கே இடந்தந்த கை எவருடையது என்று நாம் கேட்கவில்லை. அந்தக் கை ரேணு சலூஜாவினுடையது. அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பையில் புற்றுநோயால் அவர் மறைந்தார். அகவை 48. அப்போதும் தமிழ் இதழ்களில் அவரைப் பற்றி நம் கண்ணில் பட்ட கட்டுரை ஒன்றுமில்லை.

கத்தரி என்னும் சொல்லே நம் பார்வையின் குறையைக் காட்டிக்கொடுக்கிறது. கத்தரிப்பவர் இருப்பதைக் குறைப்பவர்; ஒருவகைத் தணிக்கையாளர். ஆயினும் தமிழில் இத்தொழிலுக்கு வழங்கும் பெயர் வெட்டுபவர் என்பதன்று, தொகுப்பவர் என்பது. எட்டுத்தொகையில் நிற்கும் அதே தொகை. இந்த உறவைப் பெயரளவில் விட்டுவிட வேண்டியதில்லை. அகநானூற்றை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு மேற்பட்ட புலவர்கள் பாடிய 400 பாடல்கள். தொகுத்தவர் மதுரை உருத்திரசன்மர். ஒற்றைப்படை எண் பெற்றவை எல்லாம் பாலை, இரண்டிலும் எட்டிலும் முடிபவை குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து, இருபது என வருபவை நெய்தல். பாடத்திட்டத்துக்காக இதை மனப்பாடம் செய்த மாணவர்கள் பல்லாயிரவர். எண்ணிப் பார்த்தோர் எத்தனை பேர்? கூடலோ இருத்தலோ ஊடலோ எதைப் படித்து முடித்தாலும் அடுத்த ஏட்டைப் புரட்டியதும் பிரிவு வந்து நிற்கிறது. எந்தத் தனிப் பாடலிலும் இல்லாத ஒரு துயரம் அந்த வரிசையில் இருக்கிறது. அது கபிலரின் சொத்தன்று, மாமூலனாரின் சொத்தன்று, தொகுத்தவரின் ஆக்கம். இதைத்தான் படத்தொகுப்பாளரும் செய்கிறார்.

தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் உறுப்புகள் 34. அவற்றுள் எச்சம், மாட்டு என இரண்டு உண்டு. சொல்லாமல் விட்டதைப் படிப்பவர் சொல்லாலோ குறிப்பாலோ நிரப்பிக்கொள்ள இடம் வைப்பது எச்சம். அகன்று கிடந்தாலும் அணுகிக் கிடந்தாலும் பொருள் முடியும்படி ஒன்றோடொன்றைக் கொண்டுவந்து கூட்டுவது மாட்டு. படத்தொகுப்பின் இலக்கணத்தை இதைவிடச் சுருங்கச் சொல்ல முடியுமா என்பது நமக்கு ஐயமே. (பத்துப்பாட்டு உரையில் எங்கோ கிடக்கும் அடிகளைப் பிரித்தெடுத்து எங்கோ கொண்டுபோய்க் கூட்டிய நச்சினார்க்கினியரை மறைமலையடிகள் கடிந்துகொண்டது புலவருலகம் அறிந்தது. நம் மரபின் துணிச்சல் மிக்க எடிட்டர் அவர்தாம். துணிச்சல் மிக்க எடிட்டர்களுக்கு ஏச்சும் உரியதே.)

ரேணு சலூஜா 1952இல் பிறந்தவர். புனே திரைப்படக் கல்லூரிக்கு இயக்கம் பயிலும் விருப்பத்தோடு சென்றார். இடம் கிடைத்தது படத்தொகுப்பில். 1976இல் படிப்பை முடித்தார். இவ்வகைத் தற்செயல்களைப் பெரும் ஊழ்வினையாக்கிப் பேசுவதில் நமக்கு உடன்பாடில்லை. எனினும் இயக்க நினைத்த ஒருவர் தொகுக்க வந்தமையால்தான் காட்சியைக் கொடுத்தபடி ஒட்டித் தராமல் 'இக்காட்சி எதற்கு?' என்று கேட்கும் பழக்கம் அவரிடம் இருந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது. சயீத் மிர்ஸாவின் 'ஆல்பர்ட் பின்டோ கோ குஸ்ஸா க்யோன் ஆதா ஹை' (1980) அவருடைய தொடக்க காலப் படம். பிறகு கோவிந்த் நிஹலானியின் 'அர்த் சத்யா' (1983), குந்தன் ஷாவின் 'ஜானே பி தோ யாரோ' (1983), மிர்ஸாவின் 'மோகன் ஜோஷி ஹாசிர் ஹோ' (1984) என்று புதிய இந்தி சினிமா நடந்த பாதை முழுதும் அவருடைய பெயர் உண்டு. கல்லூரித் தோழர்களும் அவர்களுடைய நண்பர்களும் சேர்ந்து, கையில் பணமின்றி எடுத்த படங்கள் பல.

அன்றைய தொகுப்பறை எப்படி இருந்தது என்பதை இன்று கணினித் திரையில் வெட்டி ஒட்டும் இளைஞர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள், நொடிக்கு 24, ஆகவே நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. எடுத்தது அதனினும் பன்மடங்கு. மூவியோலாவிலோ ஸ்டீன்பெக் மேசையிலோ சுருளை ஓட்டிப் பார்த்து, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, வெட்டி, நாடாவால் ஒட்டி, மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெட்டிய துண்டுகள் கொடியில் துணிபோல ஊசிகளில் தொங்கும். எந்தத் துண்டு எந்த ஊசியில் இருக்கிறது என்பது உதவியாளரின் குறிப்பேட்டிலும் தொகுப்பாளரின் தலைக்குள்ளும் இருக்கும். ஒரு வெட்டை மாற்றிப் பார்ப்பது ஒரு பொத்தானை அழுத்துவதன்று. அரைமணி நேர உடலுழைப்பு. எனவே வெட்டும் முன்பே மனத்துக்குள் வெட்டிப் பார்க்கும் வன்மை வேண்டும். நாவலை எழுத்தாணியால் எழுத நேர்ந்தவரின் வாக்கிய ஒழுங்கும் கணினியில் எழுதுபவரின் வாக்கிய ஒழுங்கும் வேறாக இருக்குமல்லவா, அதைப் போன்றது.

'ஜானே பி தோ யாரோ' பற்றிச் சற்று விரிவாகச் சொல்லலாம். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தந்த சிறு தொகையில் எடுக்கப்பட்ட படம். பிழைக்க வழியில்லாத இரண்டு புகைப்படக்காரர்கள் தாம் எடுத்த படமொன்றைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அதில் ஒரு கொலை தெரிகிறது. (அந்தப் பூங்காவுக்கு அன்டோனியோனி பெயரை இட்ட குறும்பை நம் வாசகர்கள் கண்டுகொள்வர்.) எடுத்தது ஏராளம். அனுபம் கேர் ஒரு கூலிக் கொலையாளியாக நடித்திருந்தார். முடிவுற்ற படத்தில் அவர் இல்லவே இல்லை. அந்தப் பாத்திரம் முழுவதும் தொகுப்பு மேசையிலேயே நின்றுவிட்டது. ஒரு பாத்திரத்தை முற்றாக நீக்கிய பிறகும் தழும்பு தெரியாமல் கதை நடக்கிறது என்றால் அங்கே நடந்தது கத்தரி வேலையா, மறு எழுத்தா?

அப்படத்தின் மகாபாரத நாடகக் காட்சியை நாம் எத்தனை முறை பார்த்தோம் என்பதற்குக் கணக்கில்லை. மேடையில் திரௌபதியின் துகிலுரிப்பு நடக்கிறது. திரௌபதியாக வேடமிடப்பட்டிருப்பது நகராட்சி ஆணையரின் பிணம். பிணத்தைக் கைப்பற்ற வந்தவர்கள் கிடைத்த வேடத்தை அணிந்து மேடையேறுகிறார்கள். கௌரவர்களே திரௌபதியைக் காக்கத் துடிக்கிறார்கள். போதாக்குறைக்கு வேறொரு நாடகத்தின் சலீமும் வந்துசேர்கிறான். பார்வையற்ற திருதராட்டிரன் 'என்ன நடக்கிறது இங்கே?' என்று கேட்டபடியே அமர்ந்திருக்கிறான். நடிகர்களின் கூத்தை எல்லாரும் புகழ்வர். நாம் பார்க்கச் சொல்வது திருதராட்டிரன் முகத்துக்கு எப்போது திரும்புகிறோம் என்பதை. முன்னே திரும்பினால் சிரிப்பு பிறக்காது. பின்னே திரும்பினால் சிரிப்பு செத்துப்போயிருக்கும். மேடை, மேடையின் பின்புறம், நாடகம் பார்க்கும் கூட்டம் என மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் ஓட்டம், ஆனாலும் யார் எங்கே நிற்கிறார் என்பதில் பார்வையாளருக்கு ஒரு கணமும் குழப்பமில்லை. குழப்பத்தைக் காட்டுவதற்குத் தெளிவு வேண்டும். இந்தப் பாடத்தைப் பிற்காலத்திய நம் நகைச்சுவைப் படங்கள் பல மறந்துவிட்டன. ஓடுவதையும் கத்துவதையும் வேகமாக மாற்றி மாற்றிக் காட்டினால் நகைச்சுவை வந்துவிடும் என்று நம்புகின்றன.

இதற்கு நேர்மாறான ஓர் உலகம் விது வினோத் சோப்ராவின் 'பரிந்தா' (1989). பம்பாய் நிழலுலகப் படங்களுக்கு இலக்கணம் வகுத்த படம் என்பர். அதில் மணநாள் இரவில் காதலர் இருவரும் சுட்டுக் கொல்லப்படும் காட்சி உண்டு. காதலும் கொலையும் ஒரே காட்சிக்குள், ஒன்று மற்றொன்றின் மூச்சிலேயே நிகழ்கிறது. பொதுவாக நம் படங்களில் மரணத்துக்கு முன்னறிவிப்பு உண்டு; இசை சொல்லிவிடும், மின்னல் சொல்லிவிடும். இங்கே அந்தச் சலுகை தரப்படவில்லை. குறிஞ்சிக்கு அடுத்த ஏட்டில் பாலை என்று மேலே சொன்னோமே, இங்கே ஏடு புரட்டும் இடைவெளியும் இல்லை.

'பரிந்தா' அவருக்குப் படத்தொகுப்புக்கான தேசிய விருதைப் பெற்றுத்தந்தது. தொடர்ந்து சுதீர் மிஸ்ராவின் 'தாராவி', கேத்தன் மேத்தாவின் 'சர்தார்', வினய் சுக்லாவின் 'காட்மதர்' ஆகியவற்றுக்கும் என மொத்தம் நான்கு தேசிய விருதுகள். 'தாராவி'யில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவனின் கனவுகளில் மாதுரி தீட்சித் தம் பெயரிலேயே தோன்றுகிறார். குடிசையிலிருந்து கனவுக்கும் கனவிலிருந்து குடிசைக்கும் படம் தாவுகிறது. அந்த மனிதனுக்கு எது கனவு, எது வாழ்க்கை என்பதில் இருக்கும் மயக்கத்தை வசனம் சொல்வதைவிட இத்தாவல்கள் நன்றாகச் சொல்கின்றன. 'சர்தார்' வேறு வகைச் சுமை: இந்திய விடுதலையின் இறுதி ஆண்டுகளையும் சமஸ்தானங்களின் இணைப்பையும் ஒரு படத்துக்குள் அடக்க வேண்டும். இடையே 'பண்டிட் குயீன்' (1994), '1942: எ லவ் ஸ்டோரி' (1994), சுபாஷ் கையின் 'பர்தேஸ்' (1997), பிற்பகுதியில் தேவ் பெனகல், நாகேஷ் குக்குனூர், கைசாத் குஸ்தாத் ஆகியோரின் ஆங்கில இந்தியப் படங்கள்.

'பர்தேஸ்' போன்ற படத்தை அவர் ஏன் ஏற்றார் என்று முகம் சுளிக்கும் இலக்கிய நண்பர்கள் உண்டு. நமக்கு இந்தச் சுளிப்பு விளங்குவதில்லை. கலைப்படம், வணிகப்படம் என்னும் வேலி விமர்சகர் போட்டது. தொகுப்பறையில் அந்த வேலி இல்லை. அங்கே உள்ளவை நல்ல வெட்டும் கெட்ட வெட்டும் மட்டுமே. சிறு படங்களில் கூலி சொற்பம் என்பதையும் ஒருவர் வாடகை கொடுத்து வாழவேண்டும் என்பதையும் சேர்த்து நினைத்தால் போதும். தொலைக்காட்சிக்கும் ஆவணப்படத்துக்கும் அவர் தொகுத்ததும் அவ்வாறே. அந்தத் தலைமுறையில் பெரிய திரைக்கும் சின்னத் திரைக்கும் இடையே இன்றுள்ள மேட்டிமை இல்லை. குந்தன் ஷாவும் சயீத் மிர்ஸாவும் 1986இல் தூர்தர்ஷனில் 'நுக்கட்' தொடரைத் தந்தவர்கள். திரையரங்கில் பெரிதாக ஓடாத 'ஜானே பி தோ யாரோ' நாடறிந்த படமானதும் தூர்தர்ஷன் ஒளிபரப்புகளால்தான்.

இனிப் பெண் என்னும் செய்தி. இந்திப் படவுலகில் படத்தொகுப்பு மேசையில் பெண்கள் மிக அரிதாக அமர்ந்த காலத்தில் அவர் தொழிலுக்கு வந்தார். உலகத் திரைப்பட வரலாற்றில் இதற்கு ஒரு விந்தையான முன்கதை உண்டு. பேசாப்பட நாளில் ஹாலிவுட்டில் படம் வெட்டி ஒட்டும் வேலை பெரும்பாலும் பெண்களிடமே இருந்தது. தையல்போல நுண்ணிய, பொறுமையான, பெயர் வேண்டாத வேலை என்று அதைக் கருதினர். ஒலி வந்து, அது கருவியும் மதிப்பும் கூடிய தொழிலான பின் ஆண்கள் நிறைந்தனர். சோவியத்தில் 'மூவி கேமராவுடன் ஒரு மனிதன்' (1929) படத்தில் சிகா வெர்டோவின் மனைவியும் தொகுப்பாளருமான எலிசவேதா ஸ்விலோவா மேசையருகே அமர்ந்து சுருள்களைத் தேர்ந்தெடுப்பதைத் திரையிலேயே காட்டினார்கள். படம் இந்தக் கையால் ஆகிறது என்று படமே சொன்ன அரிய இடம் அது. அதன் பிறகும் நூல்கள் வெர்டோவைத்தான் பேசின. ரேணுவுக்குப் பின் வந்த ஆர்த்தி பஜாஜ், தீபா பாட்டியா, நம்ரதா ராவ் போன்றோரை இன்று எவரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. அந்த வியப்பைப் போக்கியதில் ரேணுவின் பங்கு பெரிது.

'நல்ல படத்தொகுப்பு கண்ணுக்குத் தெரியாது' என்று ஒரு வாய்பாடு புழக்கத்தில் உள்ளது. அவர் மறைந்த பின் அவருடைய கலையைப் பற்றி வெளிவந்த நூலின் தலைப்பே 'இன்விசிபிள்' என்பது. அன்போடு இட்ட தலைப்பு. ஆயினும் நமக்கு உறுத்துகிறது. வெட்டு தெரியக்கூடாது என்பது ஒரு பாணியின் விதி. அது மெல்ல மெல்ல வெட்டியவரும் தெரியவேண்டாம் என்னும் சமூக விதியாக மாறிவிட்டது. யாப்பு உறுத்தாத வெண்பா நல்ல வெண்பா என்பதற்காக யாப்பறிந்த புலவரின் பெயரை நாம் மறைத்துவைப்பதில்லை. தெரியாததைக் காணப் பயில்வதுதானே விமர்சகர் வேலை? உரையாசிரியர்கள் இறைச்சியைக் கண்டு சொன்னது அதைப் புலவர் சொல்லாமல் விட்டதால்தான்.

'ஹே ராம்' படத்துக்கு மீண்டும் வருவோம். நம் படங்களில் கடந்த காலம் கறுப்பு வெள்ளையிலும் நிகழ்காலம் வண்ணத்திலும் வருவது வழக்கம். அங்கே அது தலைகீழ். சாகும் தறுவாயில் கிடக்கும் முதியவர் சாகேத ராமின் 1999 கறுப்பு வெள்ளை. அவர் நினைவில் எழும் 1946 வண்ணம். மொகஞ்சதாரோ அகழாய்விலிருந்து கல்கத்தாக் கலவரத்துக்கு, அங்கிருந்து தஞ்சாவூர்ப் பக்கத்து அக்கிரகாரத்துத் திருமணத்துக்கு, மராட்டிய அரண்மனைக்கு, தில்லிக்கு என்று கதை இடம் மாறிக்கொண்டே போகிறது. தமிழிலும் இந்தியிலும் ஒருங்கே எடுக்கப்பட்ட படம் அது. ஒரு மொழியில் சரியாக விழும் வெட்டு மற்றொரு மொழியில் அரை நொடி தள்ளிப்போகும்; வினை இறுதியில் நிற்கும் மொழிகளேயானாலும் தமிழ் வாக்கியத்தின் மூச்சு வேறு, இந்தியின் மூச்சு வேறு. படத்தின் பிற்பாதி நீளம் என்றே நாமும் கருதுகிறோம். சில குறியீடுகள் இருமுறை அழுத்தப்படுகின்றன. அந்த நீளம் யாருடைய தேர்வு, தொகுப்பாளர் எதை நீக்கச் சொன்னார், இயக்குநர் எதை விட மறுத்தார் என்பதைப் படத்திலிருந்து மட்டும் எவரும் சொல்லிவிட இயலாது.

படத்தொகுப்பை மதிப்பிடுவதில் உள்ள உண்மையான இடர் இதுவே. எஞ்சியது திரையில் இருக்கிறது. நீங்கியது எங்கும் இல்லை. உ.வே.சா. பதிப்புகளின் அடிக்குறிப்புகளில் பாடபேதங்கள் வரிசையாக நிற்கின்றன. இன்ன ஏட்டில் இன்ன பாடம் என்று தெரிவதால் அவர் ஏன் இதைக் கொண்டு அதைத் தள்ளினார் என்று நாம் வாதிட முடிகிறது. சினிமாவில் அந்த அடிக்குறிப்பு இல்லை. நீக்கிய சுருள்களைப் பாதுகாக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை; தொகுப்பறைக் குறிப்பேடுகள் பழைய காகிதத்தோடு போகின்றன. எஞ்சியிருப்பது மனிதர்களின் நினைவு மட்டும்.

தமிழ்த் திரையிலேயே இந்த நினைவுக்குப் பஞ்சமில்லை. 'பராசக்தி'யின் இயக்குநர் இரட்டையருள் பஞ்சு, தொகுப்பு மேசையை அறிந்தவர். அவர்களிடம் தொகுப்பு உதவியாளராகத் தொடங்கியவர் ஏ. பீம்சிங், அவர் மகன் பி. லெனின் தொகுத்த படங்களைப் பார்த்துத்தான் நம் தலைமுறை வளர்ந்தது. நடிகர்களிடம் பத்துப் பக்க நேர்காணல் எடுக்கும் நம் இதழ்கள், ஒரு தொகுப்பாளரை ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து, ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, ரீல் ரீலாக, 'இங்கே என்ன இருந்தது, ஏன் எடுத்தீர்கள்?' என்று கேட்டு அச்சிடலாம். ரேணு சலூஜாவிடம் 'ஹே ராம்' குறித்து அவ்வாறு கேட்க 2000ஆம் ஆண்டில் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதங்கள் இருந்தன.